கழுவிய தண்ணீர் எங்கே போனது

போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். திருப்பதி, சித்தூர் பக்கம் வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் குழு அது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை, நானும் விலகவில்லை. மாமரத்துக்கு அடிக்கும் தத்துப்பூச்சி மருந்தில் பவளத்தை முக்கி எடுக்கலாமா, வெளிநாட்டில் அப்படிச் செய்கிறார்களாமே என்பது கேள்வி. கீழே வழக்கம்போல் ஆளுக்கொரு பதில். ஒருவர் தாராளமாகச் செய்யலாம் என்றார். இன்னொருவர் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினார். கடைசியில் யாரோ, மல்லிகா மேடத்தைக் கேளுங்கள், அவர் எத்தனையோ வருஷம் இதையே செய்தவர் என்று என்னை இழுத்துவிட்டார்கள்.

அன்று நான் பதில் போடவில்லை. ஒரு வரியில் போடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அந்த மருந்தில் பவளத்தை முக்கி எடுத்தவள் நான். பவளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது வேறு. அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பவளம் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மோதிரம்தான் நினைவுக்கு வரும். செவ்வாய் தோஷத்துக்கு எந்த விரலில் போட வேண்டும் என்று நான் வேலை பார்த்த மீன் தொட்டிக் கடைக்குள் வந்து கேட்டவர்கள் உண்டு. நான் சொல்வது உயிருள்ள பவளம். செடி மாதிரி ஒரே இடத்தில் நிற்கும், ஆனால் செடி இல்லை, வாயும் வயிறும் உள்ள பிராணி. கடலிலிருந்து பெயர்த்தெடுத்த கல் பவளம் எங்கள் கடை வாசலைத் தாண்டியதில்லை. சட்டம் விடாது, சட்டம் விட்டாலும் எங்கள் முதலாளி விட்டிருக்க மாட்டார். தொட்டியிலேயே வளர்த்து வெட்டி, உரிய காகிதங்களோடு வந்த மென்மையான வகைகளை மட்டும்தான் விற்றோம். அப்படி வரும் துண்டுகளிலும் அழையா விருந்தாளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டைப்புழு, ஓடில்லாத நத்தை, இவை இட்ட முட்டைகள். இவற்றைத் தொட்டிக்குள் விட்டால் பிறகு அந்தத் தொட்டியை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் புதுப் பவளத்தை மருந்து கலந்த உப்புத் தண்ணீரில் சில நிமிஷம் முக்கி, அலசி எடுத்த பிறகே உள்ளே வைப்போம். இதற்கு டிப் என்று பெயர். பஜ்ஜி மாவில் வாழைக்காயை முக்குகிற காரியம்தானே என்று முதல் நாள் நானும் நினைத்தேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு சிறு கருவியால்தான். எனக்குப் புத்தூர் பக்கத்துக் கிராமம். நிலம், கொஞ்சம் மாந்தோப்பு. கல்யாணத்துக்குப் பிறகு சில வருஷம் கங்காதர நெல்லூர் பக்கத்தில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் பரிசோதனை அறையில் இருந்தேன். ஒரு சொட்டுக் கூழை அந்தக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இனிப்பு எத்தனை என்று படிப்பது என் வேலை. பிறகு கணவருக்கு ரேணிகுண்டா ரயில்வே பணிமனைக்கு மாற்றல் வந்தது. திருப்பதியில் குடியேறி வேலை தேடிக்கொண்டிருந்தபோது ஒரு மீன் தொட்டிக் கடைக்குள் நுழைந்தேன். மேஜைமேல் அதே கருவி கிடந்தது. அங்கே அதை உப்பு பார்க்க வைத்திருந்தார்கள். நான் கேட்காமலேயே எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் படித்துச் சொன்னேன். முதலாளி சலபதி சார் நான் சொன்னதைச் சரிபார்த்துவிட்டு, நாளையிலிருந்து வரச் சொன்னார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

சலபதி சார் கப்பலில் எலக்ட்ரீஷியனாகப் பல வருஷம் உலகம் சுற்றியவர். கடலே இல்லாத ஊருக்குத் திரும்பி வந்து கடல் மீன் கடை வைத்தார். தெலுங்கில்தான் பேசுவார், அதிலும் அளந்துதான் பேசுவார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அதற்குப் பதில் எண் கேட்பார். எத்தனை நிமிஷம், எத்தனை மில்லி, எத்தனை டிகிரி. ஏன் செய்தாய் என்று ஒருநாளும் கேட்க மாட்டார். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எத்தனை என்று கேட்டால் எண்தான் வரும் என்பது அவர் கணக்கு. அந்தக் கேள்வி திட்டைவிட மோசம். திட்டு வாங்கினால் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டுத் தூங்கலாம். எண் தெரியாமல் நின்றால் தூக்கமே வராது.

பவளத்தை முக்குவதற்கு அவர் முறை இது. மூன்று பேசின், மூன்றும் வெள்ளை. வெள்ளையாக இருந்தால்தான் உதிர்ந்து விழும் பூச்சி கண்ணுக்குத் தெரியும். முதல் பேசினில் மருந்து. அடுத்த இரண்டும் அலசுவதற்கு. மூன்றிலும் அந்தப் பவளம் குடியிருக்கும் தொட்டியின் தண்ணீரையே எடுக்க வேண்டும், அப்போதுதான் உப்பும் சூடும் ஒரே அளவில் இருக்கும். மருந்தை முதலில் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிவிட்டு, பிறகுதான் பவளத்தை இறக்க வேண்டும். பவளத்தின் தலைமேல் மருந்தை ஊற்றினால் அன்றைக்கே அது செத்துப்போகும். புட்டியில் எழுதிய அளவுதான், கண் அளவு கிடையாது. ரப்பர் குமிழ் வைத்த பிளாஸ்டிக் குழாயால் தண்ணீரை இழுத்து, பவளத்தின் இடுக்குகளில் பீய்ச்ச வேண்டும். மேஜைமேல் டைமர் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்போது போன் எடுக்கக் கூடாது, வாடிக்கையாளர் காபி கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மணி அடித்ததும் இரண்டாவது பேசின், பிறகு மூன்றாவது. பிறகு பூதக்கண்ணாடியால் அடிப்பக்கம் பார்க்க வேண்டும். மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை இருந்தால் பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து.

கடைசி விதிதான் அவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். மூன்று பேசின் தண்ணீரும் சிவப்பு பக்கெட்டுக்குள் போக வேண்டும். சிவப்பு பக்கெட் நேராகக் கழிவறைக்குப் போக வேண்டும். ஒரு சொட்டும் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. இதற்கெல்லாம் ஒரு சீட்டு அச்சடித்து வைத்திருந்தார். யார் வீடு, என்ன மருந்து, எத்தனை நிமிஷம், எத்தனை அலசல் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் தெலுங்கில் இரண்டே சொல், தண்ணீர் எங்கே என்று. அதில் நாங்கள் 'வெளியே' என்று எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள ஆணியில் குத்தி வைப்போம். எழுதி எழுதிக் கை மரத்துப்போன சொல் அது. தண்ணீர் வெளியே போகாமல் பின்னே எங்கே போகும் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

மனிதர்களுக்கும் விதி வைத்திருந்தார். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பொத்தான் பவளத்தைத் தொட விடமாட்டார். சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்த மாதிரி கூட்டமாக வளரும் அழகான வகை அது. சிலவற்றின் உடம்பில் ஆளையே சாய்க்கும் நஞ்சு உண்டு. சித்தூரில் ஒரு பல் மருத்துவர் வீட்டில் இது பாறை முழுக்கப் படர்ந்துவிட்டது. நாங்கள் வரும் வரை பொறுக்காமல், அவர் பாறையைத் தூக்கிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டார். அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டில் நான்கு பேருக்கும் இருமல், குளிர், மூச்சுத் திணறல். பிழைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது சார் கேட்டது, தண்ணீர் எத்தனை லிட்டர், ஜன்னல் எத்தனை திறந்திருந்தது என்பதுதான். பல் மருத்துவர் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். பவளத்தை வெந்நீரில் போடாதீர்கள், உலர்த்தித் தேய்க்காதீர்கள் என்று அதற்குப் பிறகு நான் போன வீடுகளில் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். கடையில் சேர்ந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வீடுகளுக்குத் தனியாகப் போய்வரும் அளவுக்குப் பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்பதை ஒளிப்பதற்கு இப்போது காரணம் இல்லை.

திருச்சானூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜ். கீழே யாத்ரிகர்கள் தங்கும் அறைகள், மேல்மாடியில் உரிமையாளர் வசந்தா மேடத்தின் வீடு. அவர் ஹாலில் நாங்கள் அமைத்துக் கொடுத்த கடல் தொட்டி இருந்தது. அந்தத் தொட்டியில் மேடத்துக்கு மிகவும் பிடித்தவை மீனும் இல்லை, பவளமும் இல்லை. முதுகில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு சிவப்பு இறால்கள். காலையில் குளித்துவிட்டு வந்து கையைத் தொட்டிக்குள் விடுவார். இரண்டும் விரலில் ஏறி நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். எனக்கு இனி பார்லர் செலவு இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த வீட்டில் வேலை செய்தவள் கன்னியம்மா. சத்தியவேடு பக்கத்து எல்லைக் கிராமத்துத் தமிழ்க்காரி. சொந்த நிலம் இல்லாத குடும்பம். கணவர் தோப்பு தோப்பாகப் போய் மருந்து அடித்தவர், நெஞ்சு கெட்டுப்போய் ஊரில் படுத்துவிட்டார். லாட்ஜுக்குப் பின்னால் மேடம் கொடுத்த ஒற்றை அறையில் கன்னியம்மா மகளோடு இருந்தாள். மகள் இன்டர் இரண்டாம் வருஷம், தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் டூ, கல்லூரி நடந்துபோகும் தூரம். நான் போகும் நாட்களில் என் பேசின்களை அவள்தான் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். இரண்டு பேரும் எங்கள் பக்கத்துத் தமிழில் பேசிக்கொள்வோம். நான் தோப்பு உள்ள வீட்டுப் பெண், அவள் தோப்பில் கூலிக்கு வந்த வீட்டுப் பெண். அதை இரண்டு பேரும் பேச்சில் எடுத்ததில்லை, மறந்ததும் இல்லை.

மேடத்தின் பொத்தான் பவளம் மெல்ல மெல்லச் சுருங்க ஆரம்பித்தது. வழக்கமான மருந்தில் இரண்டு முறை முக்கியும் கேட்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நூல் மாதிரிக் கால்களோடு கடல் சிலந்தி. பவளத்தின் நிறத்திலேயே அதன்மேல் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. சார் அப்போது சரக்கு விஷயமாகச் சென்னை போயிருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்துப் பூச்சிமருந்தில் முக்குகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். எங்கள் தோப்பில் பூ விடும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு அடிக்கிற மருந்தும் அந்த வகைதான். தம்பியிடம் சொல்லி ஒரு சின்னப் புட்டியில் வாங்கிக்கொண்டேன். சாருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் திரும்பி வரும்போது காரியத்தை முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். எல்லாம் முறைப்படி. ஊசிக் குழாய் வைத்து அளந்தேன், கலக்கினேன், பவளத்தை இறக்கினேன், டைமர் வைத்தேன். நான்கைந்து நிமிஷத்தில் சிலந்திகள் ஒவ்வொன்றாகக் கால் மடங்கி வெள்ளைப் பேசினில் விழுந்தன. எனக்கு ஒரே பெருமை. மணி அடித்ததும் இரண்டாவது பேசினில் அலசினேன், மூன்றாவதில் அலசினேன், பவளத்தைத் தொட்டியில் வைத்தேன். அப்போது தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் பம்ப் கரகரவென்று சத்தம் போட்டது. மூன்று பேசினுக்கும் எடுத்ததில் தண்ணீர் இறங்கி, பம்ப் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோன உப்புத் தண்ணீர் போதவில்லை. கடைக்குப் போய்க் கலக்கி எடுத்து வர வேண்டும் என்றால் அரை நாள்.

எங்கள் தோப்பில் ஒரு வழக்கம். மருந்து அடித்து முடித்ததும் டிரம்மையும் குழாயையும் கழுவுவோம். அந்தத் தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. கோழி குடிக்கும், மாடு குடிக்கும், கிணற்றில் இறங்கும். அதனால் வரிசையில் கடைசியாக நிற்கும் மரத்தின் அடியில் ஊற்றுவோம். கழுவின தண்ணி கடைசி மரத்துக்கு என்று எங்கள் நைனா, அதாவது அப்பா, சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். கழுவின தண்ணீரைத் தன் இடத்திலேயே ஊற்றினால் மருந்தும் வீண் இல்லை, மரத்துக்கும் கேடு இல்லை என்பது ரத்தத்தில் ஊறிப்போன எண்ணம். மூன்றாவது பேசின் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் அதைத் தூக்கிக் கீழ்த் தொட்டியில் ஊற்றினேன். பம்ப் சத்தம் நின்றது. மற்ற இரண்டையும் சிவப்பு பக்கெட்டில் கொட்டினேன்.

கால் முட்டி மடங்கும் பூச்சியைக் கொல்லும் மருந்து என்று தெரிந்துதான் அதைக் கொண்டுபோனேன். இறாலுக்கும் அதே கால்தான் என்பது அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மேடம் போன் செய்தார். இறால் இரண்டும் பக்கவாட்டில் கிடக்கின்றன, சங்கு நண்டுகள் சங்கை விட்டு வெளியே விழுந்து கிடக்கின்றன என்றார். நான் ஓடினேன். மீன்கள் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. பொத்தான் பவளம் பல வாரங்களுக்குப் பிறகு முழுசாக மலர்ந்திருந்தது. செத்ததெல்லாம் கால் மடங்கும் ஜாதி மட்டும். பார்த்த கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் மாற்றினேன், நஞ்சை உறிஞ்சும் கரிப் பை கட்டித் தொங்கவிட்டேன், வேலை செய்துகொண்டே இருந்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை.

அதற்குள் மேடத்துக்குக் காரணம் கிடைத்திருந்தது. முந்தின நாள் மாலை கன்னியம்மா குளியலறையில் கரப்பான் பூச்சிக்கு ஸ்பிரே அடித்திருக்கிறாள். இந்த வீட்டில் ஸ்பிரே கூடாது என்று மேடம் அவளுக்கு முன்பே ஒருமுறை சொல்லியிருந்தார். பூச்சிமருந்தாகத்தானே இருக்கும் என்று மேடம் என்னைக் கேட்டார். பூச்சிமருந்துதான் என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள். அந்த ஒரு வார்த்தையில் கன்னியம்மாவின் கதை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கதவை மூடிக்கொண்டுதான் அடித்தேன் என்று கன்னியம்மா ஒருமுறை சொன்னாள். பிறகு என் பேசினை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

புதன் போனது, வியாழன் போனது. நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிடப் பேர் போய்விடும் என்ற பயம். கட்டிக்கொண்டுபோன சாப்பாட்டை இரண்டு நாளும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். மேடம் கோபம் ஆறி அவளை வைத்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு வேறு வேலை கிடைக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பெண் எங்கே போய்ப் படிப்பாள் என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படும் இரண்டு நாட்கள் அவை.

வெள்ளிக்கிழமை சார் வந்தார். ரேணிகுண்டாவில் ரயிலிலிருந்து இறங்கின தெர்மோகோல் பெட்டிகளைப் பிரித்து முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆணியிலிருந்த சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருச்சானூர்ச் சீட்டில் நிறுத்தினார். மருந்தின் பெயரை நான் உள்ளபடியே எழுதியிருந்தேன். நிமிஷம் எழுதியிருந்தேன், அலசல் இரண்டு என்று எழுதியிருந்தேன். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. 'வெளியே' என்று எழுதக் கை வரவில்லை, வேறு எழுதத் தைரியம் வரவில்லை. காலியாகவே குத்தி வைத்திருந்தேன். சார் அந்தச் சீட்டைத் தனியே எடுத்து, என் முன்னால் வைத்து, அதன்மேல் ஒரு பேனாவையும் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

எத்தனை என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். காலிக் கட்டத்தில் அதற்கு வழியில்லை. பேனாவை எடுத்து, 'மூன்றாவது பேசின், தொட்டிக்குள்' என்று எழுதினேன். சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறித் திருச்சானூர் போனேன்.

மேடம் ஹாலில் இருந்தார். கன்னியம்மாவையும் கூப்பிடச் சொன்னேன். அவள் வந்து கதவோரம் நின்றாள், கையில் ஈரத்துணி. நான் சீட்டை மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். தோப்பு மருந்து, மூன்றாவது பேசின், பம்ப் சத்தம், எல்லாம். மேடம் என்னைத் திட்டவில்லை. செவ்வாய் நடந்தது புதனே உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அவர் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு கன்னியம்மாவின் பக்கம் திரும்பி, நீ எங்கேயும் போக வேண்டாம், என்மேல்தான் தப்பு என்று தெலுங்கில் சொன்னார். கன்னியம்மா தலையை ஆட்டிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

நான் அவள் பின்னாலேயே போனேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, என்னை மன்னித்துக்கொள் என்றேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்க்கா. அந்த மருந்து வாசனை எனக்குத் தெரியாதா? எங்க ஊட்டுக்காரரு சட்டையில தெனம் மோந்த வாசனை. பேசினு கழுவும்போதே தெரிஞ்சிச்சி. மூணு பேசினு கழுவுனேன், சிவப்பு பக்கெட்டுல ரெண்டு பேசினு தண்ணிதான் இருந்துச்சி."

அப்போதே மேடத்திடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மோசமான கேள்வி என்று உறைத்தது.

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீ மருந்து கத்தவ. நான் பேசினு கழுவுறவ." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "நீயே சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் இருந்துச்சில்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு யாத்ரிகப் பெண்மணி, ஏன் அழுகிறாய், சாமி பார்த்துக்கொள்வார் என்று எனக்கு லட்டில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். இரண்டு நாளைக்குப் பிறகு உள்ளே இறங்கிய முதல் கவளம் அது.

கடைக்கு வந்து சீட்டை ஆணியில் குத்தினேன். சார் எழுந்து வந்து படித்தார். மூன்றாவது பேசினா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். எத்தனை லிட்டர் என்றார். ஐந்து என்றேன். தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மேடம் வீட்டுக்குத் தண்ணீர் மாற்ற அடுத்த நான்கு வாரமும் அவரே என்னோடு வந்தார், ஆனால் பேசினை என் கையில்தான் கொடுத்தார். தொட்டித் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று உறுதியான பிறகு, ஒரு சின்ன இறாலைத் தனியாக விட்டுப் பார்த்து, அது பிழைத்த பிறகு மேடத்துக்கு வேறு ஜோடி வாங்கிக் கொடுத்தார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. எனக்கு அவர் செய்த தண்டனை, சீட்டில் கடைசியாக ஒரு புதுக் கட்டம் சேர்த்ததுதான். தண்ணீரை வெளியே கொட்டியதைப் பார்த்தவர் யார் என்று.

அதனால் குழுவில் கேட்டவருக்கு என் பதில் இது. அந்த மருந்தில் முக்காதீர்கள். பூச்சி சாகும், பவளம் பிழைக்கும், ஆனாலும் வேண்டாம். வீட்டில் இறாலோ நண்டோ இருக்கும், உங்கள் கையில் தோல் இருக்கும், வடிகாலுக்கு அந்தப் பக்கம் ஒரு கால்வாய் இருக்கும். பவளத்துக்கென்று செய்த மருந்தை வாங்குங்கள், புட்டியில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள், கையுறை போடுங்கள், கண்ணாடி போடுங்கள், ஒரு வாரம் கழித்து முட்டை பாருங்கள். எத்தனை நிமிஷம் என்றுதான் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நிமிஷம் புட்டியிலேயே எழுதியிருக்கிறது. அந்தத் தண்ணீரை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்பதைத்தான் முக்குவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும்.

கன்னியம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். நான் ஓய்வு பெறும் வரை பதினொரு வருஷம் அந்தத் தொட்டிக்குப் போய்வந்தேன். எங்களுக்குள் பேச்சு குறையவில்லை. ஊர்க்கதை பேசினோம், அவள் மகள் கல்யாணத்துக்கு நான் முதல் நாளே போய் நின்றேன். ஆனால் அந்தப் பதினொரு வருஷமும், டைமர் மணி அடித்ததும் அவள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுச் சிவப்பு பக்கெட்டோடு என் பக்கத்தில் வந்து நிற்பாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணியபடி பேசின்களை அவளே கவிழ்ப்பாள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவளே கழிவறைக்குப் போவாள். தண்ணீர் முழுக்க இறங்கும் சத்தம் நிற்கும் வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, வெளியே வந்து, சீட்டின் கடைசிக் கட்டத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுப்பாள்.